மழை மாதத்து வாடகை

என் தம்பி காசிலிங்கம் ஒரே ஒரு நாள் சென்னைக்குப் போய்விட்டு வந்தான். அதோடு எங்கள் ஆறு பேரின் நிம்மதியும் போயிற்று. ஏதோ ஒரு பெரிய ஓட்டலில் நிலம், கட்டடம், முதலீடு என்று கருத்தரங்காம். மதியச் சாப்பாடு இலவசம் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனவன், திரும்பும்போது கையில் ஒரு பளபளப்பான ஃபைலும் வாயில் நாலு புது வார்த்தையுமாக வந்து இறங்கினான். ஸ்ட்ராட்டஜி, டார்கெட், ரிட்டர்ன், எக்ஸிட். அந்த வாரம் முழுக்க அவன் வீட்டில் குழம்பில் உப்பு கூடினால்கூட, டார்கெட்டைத் தாண்டிப் போச்சு என்றுதான் சொன்னானாம். அவன் பெண்டாட்டி என்னிடம் வந்து அழாத குறை.

இது இரண்டாயிரத்து நாலாம் வருஷம். மரக்காணத்தில் உப்பளம் வைத்திருக்கிற ஆறு பேர் நாங்கள். என் தம்பி, நான், சடையப்பன் அண்ணன், இன்னும் மூன்று பேர். என் பெயர் அமராவதி. என் வீட்டுக்காரர் போன பிறகு அளத்தில் பாதியைக் குத்தகைக்கு விட்டு, மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன். அளத்தில் நான் போடுகிற சத்தம் கிளியனூர் வரைக்கும் கேட்கும் என்று காசிலிங்கம் சொல்வான். அவன் சொல்வதில் நம்பத் தகுந்தது அது ஒன்றுதான்.

அவனுடைய ஸ்ட்ராட்டஜி இதுதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஈசிஆர் ரோட்டைப் பார்த்தாற்போல் ஒரு கட்டடம் அரைகுறையாக நின்றது. கல்யாண மண்டபம் கட்ட ஆரம்பித்தவர் கையில் காசில்லாமல் பாதியில் விட்டுவிட்டார். அதை மலிவாக வாங்கி, முடித்து, எட்டுக் கடைகளாகத் தடுத்து வாடகைக்கு விட வேண்டும். பேங்கில் போட்டால் நூற்றுக்கு ஆறு கிடைக்கிறது. நாம் நூற்றுக்கு ஒன்பது எடுக்க வேண்டும். அதுதான் டார்கெட். முதல் முழு வருஷத்தில் அந்த ஒன்பது வரவில்லையென்றால் கட்டடத்தை விற்றுப் பணத்தைப் பிரித்துக்கொண்டு அவரவர் வழியைப் பார்க்க வேண்டும். அது எக்ஸிட். இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்றால் ஆறு பேரும் கை தூக்க வேண்டும். ஒருவர் தூக்காவிட்டாலும் விற்பனைதான். இதைத் தீர்மானமாகவே எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினான். அறுவர் கமர்ஷியல் பிராப்பர்ட்டீஸ் பிரைவேட் லிமிடெட் என்று பெயர் வைத்து, தன்னையே மேனேஜிங் டைரக்டராகவும் போட்டுக்கொண்டான்.

நான் ஏன் சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தம்பி மேல் இருந்த நம்பிக்கையால் இல்லை. உப்பளக்காரி வாழ்க்கை எப்படிப்பட்டதென்றால், வெயிலில் நின்று மலையாகக் குவித்ததை ஒரு ராத்திரி மழை கரைத்துக்கொண்டு போய்விடும். கீற்று போட்டு மூடினாலும் அடியில் கரையும். ஒவ்வொரு ஐப்பசி ராத்திரியும் எழுந்து வெளியே வந்து வானத்தைப் பார்த்தே எனக்கு வயதாகிவிட்டது. மழை பெய்தாலும் கரையாத ஒரு சொத்து எனக்கென்று வேண்டும் என்று ஆசைப்பட்டேன். செங்கல்லும் சிமென்டும் கரையாது. நகையை விற்றுப் பங்கு போட்டேன்.

வேலை நடந்துகொண்டிருந்தபோது சுனாமி வந்தது. கடலோரக் குப்பங்களில் எங்களுக்குத் தெரிந்த வீடுகளிலெல்லாம் இழவு. இரண்டு மாதம் யாரும் கட்டடத்தைப் பற்றிப் பேசவில்லை. காசிலிங்கம்கூட வாயை மூடிக்கொண்டு அரிசி மூட்டை சுமந்தான். அப்புறம் மெதுவாக மேஸ்திரிகள் திரும்பி வந்தார்கள். சித்திரை பிறந்தபோது எட்டுக் கடைக்கும் ஷட்டர் மாட்டியாயிற்று.

இனித்தான் வேடிக்கை. கடைக்கு வாடகை எவ்வளவு வைப்பது என்று காசிலிங்கம் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான். பன்னிரண்டு மாதமும் வாடகை வந்தால் நூற்றுக்கு ஒன்பது சரியாக நிற்கிற மாதிரி ஒரு தொகையைக் கண்டுபிடித்தான். கால்குலேட்டரைத் தட்டித் தட்டி அதன் பட்டனே தேய்ந்துபோனது. அதில் ஒரு தப்பும் இல்லை. பிறகு ஒப்பந்தம் எழுத, எங்கள் அளத்துக் குத்தகையெல்லாம் எழுதிக் கொடுக்கிற பத்திர எழுத்தர் முருகையனிடம் போனோம். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "வழக்கம்போலத்தானே?" என்று கேட்டார். ஆறு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம்.

வழக்கம் என்றால் உப்பளத்து வழக்கம். அளத்தைக் குத்தகைக்கு விட்டால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதத்துக்குக் குத்தகைப் பணம் கிடையாது. பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும்போது எவன் உப்பு எடுப்பான், எவன் பணம் கொடுப்பான்? எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். முருகையன் கை பழக்கத்தில் அதையே எழுதினார். மழைக்காலம் மூன்று மாதம் நீங்கலாக வாடகை செலுத்த வேண்டியது. அதோடு நிற்கவில்லை, வரப்புகளைக் குத்தகைதாரரே சீர்செய்ய வேண்டும் என்ற வரியும் செல்போன் கடை ஒப்பந்தத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டது. வாசித்துக் காட்டியபோது எங்கள் காதுக்கு எதுவுமே வித்தியாசமாகப் படவில்லை. மழையில் வாடகை வாங்கக் கூடாது என்பது எங்களுக்கு, ராத்திரியில் சூரியன் வராது என்பது போல.

கடை கேட்டு வந்தவர்களுக்குப் படாமலா இருக்கும்? ரெடிமேட் துணிக்கடை வைக்க வந்த அந்தோணியம்மாள் அந்த வரியை மூன்று முறை படித்தாள். எங்கள் ஆறு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தாள். பேனாவைக் கொடுங்க என்றாள். அடுத்த பத்து நாளில் எட்டுக் கடையும் நிரம்பிவிட்டது. காசிலிங்கம் தலை கால் புரியாமல் ஆடினான். ஆக்குபன்சி நூற்றுக்கு நூறு என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். சென்னையிலேயே இவ்வளவு வேகமாகக் கடை நிரம்பாதாம்; எல்லாம் லொகேஷனாம்.

ஐப்பசி வந்தது. அந்த வருஷம் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். திண்டிவனம் ரோட்டிலும் பாண்டிச்சேரி ரோட்டிலும் தண்ணீர் ஏறி பஸ் நின்றுவிட்டது. தீபாவளித் துணியெடுக்கப் பாண்டிச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் ஓடுகிற ஜனமெல்லாம் வேறு வழியில்லாமல் எங்கள் கட்டடத்துக்கு வந்தது. நாங்கள் அளத்து ஆட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுத்தோம். அவர்கள் அதை வாங்கிய கையோடு அந்தோணியம்மாள் கடைக்குப் போனார்கள். குடையும் செருப்பும் வாசலில் மலையாகக் கிடந்தன. நான் எதிரே டீக்கடையில் நின்று பார்த்துப் பூரித்துப் போனேன். என் பணம் என் கட்டடத்துக்குள்ளேயே போகிறது என்று நினைத்தேன். உள்ளே போனது உண்மை. எனக்குத் திரும்பி வருகிற வழியைத்தான் நாங்களே அடைத்து வைத்திருந்தோம்.

இதைக் கண்டுபிடித்தது திண்டிவனத்து ஆடிட்டர் தட்சணாமூர்த்தி. கார்த்திகை மாதம் கணக்குப் பார்க்க வந்தவர், இரண்டு மாதமாக ஏன் வாடகை வரவில்லை, கடைக்காரர்கள் பாக்கியா என்று கேட்டார். காசிலிங்கம் ரொம்பப் பொறுமையாக, மழைங்க, என்றான். ஆடிட்டர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். ஆமாம், மழைதான், அதற்கென்ன, என்றார். அப்போதுதான் அவனுக்கும் பக்கத்தில் இருந்த எனக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. கடைக்குத் தீபாவளியும் பொங்கலும்தான் விளைச்சல். அந்த விளைச்சல் மாதங்களில்தான் நாங்கள் வாடகை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஆடிட்டர் நல்ல மனுஷன், சிரிக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டு இருமினார். ரொம்ப நேரம் இருமினார்.

மறுநாள் காசிலிங்கத்தை நான்தான் பிடித்துத் தள்ளினேன், போய்க் கேளுடா என்று. குடை பிடித்துக்கொண்டு கிளம்பினான். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு சட்டையும் ஒரு டார்ச் லைட்டும் வாங்கிக்கொண்டு வந்தான். கேட்டாயா என்றால், வாய் வரலைக்கா என்றான். மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஒருத்தரிடம் போய்க் குத்தகை கேட்பது அவனால் முடியாதாம். எனக்கு வந்த கோபத்தில் நானே கிளம்பினேன்.

அந்தோணியம்மாள் எனக்கு நாற்காலி போட்டாள், டீ வாங்கி வரச் சொன்னாள். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டவே இல்லை; அது எனக்கு இன்னும் கடுப்பாக இருந்தது. அலமாரி அலமாரியாக அடுக்கியிருந்த துணியைக் காட்டினாள்.

"வாடகைப் பணம் எங்கியும் போகலக்கா, இதோ நிக்குது பாருங்க. சரக்கு எடுக்கறதே இந்த மாசத்துலதான். வாடகை கட்டியிருந்தா இதுல பாதிகூட எடுத்திருக்க முடியாது. அலமாரி காலியா இருந்தா ஜனம் வருமா?"

டீயைக் குடித்துவிட்டு, ஒரு நைட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். காசிலிங்கம் என் கையிலிருந்த பையைப் பார்த்தான். கேட்டிருந்தால் அன்றைக்கு அவனுக்கு இருந்தது.

வருஷக் கணக்கு எப்படி முடியும் என்று தை மாதமே தெரிந்துவிட்டது. ஒன்பது வர வேண்டிய இடத்தில் ஆறே முக்கால். குறைந்த இரண்டே காலும் அந்த மூன்று மழை மாதம்தான், ஒரு பைசா இப்படி அப்படி இல்லை. பேங்க் வட்டியை விட அதிகம்தானே என்று நான் சொன்னேன். டார்கெட் டார்கெட்தான் என்றான் காசிலிங்கம். சொன்ன சொல் தவறினால் அடுத்த முறை எவன் நம்மை நம்புவான் என்றான். கட்டடத்தை வாங்கச் சென்னையில் ஒரு கம்பெனியோடு பேசவும் ஆரம்பித்துவிட்டான். அந்தப் பக்கமாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம், இது என்னுடையது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வேன். இப்போது பார்க்கவே மனசு வரவில்லை.

வழி எனக்கு என் அளத்திலேயே கிடைத்தது. மழை நீண்டுபோனதால் அந்த வருஷம் மாசியில்தான் குத்தகை பேச முடிந்தது. குத்தகைக்காரர் வரப்பில் உட்கார்ந்து ஒரு தொகை சொன்னார். நான் பழக்கத்தில் வாயில் வந்ததைச் சொல்லிச் சண்டை போட்டேன். ஒன்பது மாசத்துக்கு இவ்வளவு கொடுத்தால் மீதி மூன்று மாசம் நான் மண்ணையா தின்பேன் என்று கேட்டேன். சொல்லி முடித்த பிறகு அப்படியே நின்றுவிட்டேன். நாங்கள் மழையில் குத்தகை வாங்குவதில்லை என்பது பாதி வழக்கம்தான். மழைக்குச் சாப்பிட வேண்டியதையும் வெயிலிலேயே சேர்த்து வாங்கிவிடுவோம். அது மீதிப் பாதி. கடைக்கு வாடகை வைத்தபோது பாதியை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். பன்னிரண்டு மாத வாடகையை ஒன்பது மாதத்துக்குப் பிரித்துப் போட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. குத்தகைக்காரர் நான் மலைத்து நிற்பதைப் பார்த்துப் பயந்து, தொகையை அவராகவே கொஞ்சம் ஏற்றினார்.

அன்றைக்கே அந்தோணியம்மாளிடம் போனேன். மழை மாதத்தில் ஒரு பைசா கேட்க மாட்டோம், மற்ற மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும் என்றேன். அவள் விரல் விட்டு எண்ணினாள், கண்ணை மூடிக்கொண்டாள், மறுபடி எண்ணினாள். சரக்கு எடுக்கிற நேரத்தில் கை வறண்டு போகாமல் இருந்தால் போதும், தருகிறேன் என்றாள். மற்ற ஏழு கடைக்கும் அவளே என்னோடு வந்தாள், எல்லோரும் சம்மதித்தார்கள். செல்போன் கடைக்காரர் மட்டும் வரப்பு விஷயத்தை எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். அந்த வரியைப் படித்ததிலிருந்து ஷட்டருக்கு முன்னால் சிமென்டில் ஒரு மேடு போட்டு வருஷம் முழுக்கப் பூசிக்கொண்டே இருந்திருக்கிறார் பாவம்.

துள்ளிக்கொண்டு தம்பியிடம் போய்ச் சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது, உடனே வாடியும் போனது. "அது அடுத்த வருஷத்துக்குக்கா. இந்த வருஷம் தவறினது தவறினதுதான்," என்றான். நான் திட்டிய திட்டையெல்லாம் இங்கே எழுத முடியாது.

சித்திரைக் கடைசியில் கூட்டம் போட்டோம், எங்கள் கட்டடத்து மாடியிலேயே, இன்னும் பூசாத அறையில், காலைப் பொழுதில். ஆறு பேர், ஆடிட்டர், சென்னைக் கம்பெனியிலிருந்து ராஜ்கமல் என்று ஒரு பையன். பையன் என்றால் முப்பது வயது இருக்கும்; நல்ல மரியாதை தெரிந்தவன். கம்ப்யூட்டரைத் திறந்து கலர் கலராகக் கோடு காட்டினான். நாங்கள் போட்டதை விடக் கணிசமாகவே கூடுதல் விலை சொன்னான். சடையப்பன் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காசிலிங்கம் நேர்மையானவன், அதை மறுக்க மாட்டேன். மழை மாதம் மூன்றுக்கு வாடகை கிடையாது என்பதை அவனே எடுத்துச் சொன்னான். ராஜ்கமல் சிரித்தான். "அது தெரியும் சார். வாங்கின உடனே முதல் வேலை அதை எடுக்கறதுதான். மழையோ வெயிலோ, மாசம் பொறந்தா வாடகை. முடியாதுன்னா வேற ஆள் போட்டுக்குவோம்."

அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அவன் தொழில் அது. ஆனால் காசிலிங்கத்தின் முகம் ஒரு மாதிரி ஆனதை நான் பார்த்தேன். யாரோ அவன் இலையில் கை வைத்தது போல இருந்தது. நீங்க டீ குடிச்சிட்டு வாங்க தம்பி, நாங்க கொஞ்சம் பேசிக்கறோம், என்று ராஜ்கமலைக் கீழே அனுப்பி வைத்தான்.

இன்னொரு வருஷம் பார்க்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார் ஆடிட்டர். நான் இரண்டு கையையும் தூக்கினேன். ஒன்று போதும் என்றார். மற்ற மூவரும் தூக்கினார்கள். சடையப்பன் அண்ணன் அந்தக் கூடுதல் விலையை நினைத்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத் தூக்கினார். காசிலிங்கம் கையைத் தொடை மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

"காசி, நம்ம அளத்துல மழை எனக்கு எதையாச்சும் மிச்சம் வச்சிருக்குதா? நீயே சொல்லு. இது ஒண்ணுதான்டா நிக்குது. போன ஐப்பசியில விடிய விடிய கொட்டுச்சே, நான் கல்யாணமாகி வந்ததுலேர்ந்து அன்னிக்கித்தான் எழுந்து வெளிய வந்து பாக்கல. தூங்கினேன். அதை எடுத்துடாத."

எல்லோரும் சங்கடத்தோடு ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். காசிலிங்கம் கையைத் தூக்கினான். தூக்கிய கையை இறக்காமலேயே, ஆனால் டார்கெட் தவறினவன் எம்.டி. நாற்காலியில் உட்காரக் கூடாது, அக்கா உட்காரட்டும், வழியைக் கண்டுபிடித்தது அவள்தானே, என்றான். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அதற்கும் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். கீழே போய் ராஜ்கமலிடம் விஷயத்தைச் சொல்லும் வேலையைச் சடையப்பன் அண்ணனுக்குக் கொடுத்தோம். அவர் போய்ச் சொல்லிவிட்டு, பையனுக்கு அந்தோணியம்மாள் கடையில் ஒரு வேட்டியும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

ஆடிட்டர் பேனாவைத் திறந்து, புது எம்.டி. இந்த வருஷத்து இலக்கு என்ன வைக்கிறீர்கள் என்று கேட்டார். இரண்டு வருஷமாக டார்கெட் என்ற வார்த்தையைக் கேலி செய்தே பொழுது போக்கியவள் நான். எல்லோரும் என் வாயையே பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அந்தத் திமிர் வந்ததோ, பத்து என்றேன்.

காசிலிங்கம் என் பக்கம் குனிந்தான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லப் பேசினான்.

"எட்டுன்னு சொல்லுக்கா. ராத்திரியில தூக்கம் வரும்."

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. பார்க்கிறவர்களிடமெல்லாம் நூற்றுக்கு நூறு என்று வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்தவன், எங்கள் ஆறு பேர் பணத்தையும் தலையில் வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கத் தூங்காமல் கிடந்திருக்கிறான். அந்த ஐப்பசி ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேனே, அன்றைக்கு விழித்துக்கொண்டு கிடந்தது இவன். எனக்கு அவன் மேல் வந்த பாசத்தில் அவன் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது.

"பத்தை அடிச்சிடுங்க சார்," என்று ஆடிட்டரிடம் சொன்னேன். "ஒன்பதுன்னே போடுங்க. என் தம்பி வச்சது."

காசிலிங்கம் தொண்டையைச் செருமினான். எழுந்து நின்று, ஒன்பது எடுப்பதற்கு ஒரு ஸ்ட்ராட்டஜி இருக்கிறது என்று ஆரம்பித்தான். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் பேசினான். நாங்கள் யாரும் அவனை நிறுத்தவில்லை.